தூக்கிச் செல்லப்பட்ட மாணவர்

படி ஏறினால்தான் வகுப்புக்குப் போக முடியும்.

அந்த மாணவரால் படி ஏற முடியாது. அவர் சக்கர நாற்காலியில் இருப்பவர்.

என்ன செய்வது? தூக்கிக்கொண்டு போனார்கள். வகுப்பு முடிந்ததும் மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்து கீழே இறக்கினார்கள்.

இது நடந்தது அமெரிக்காவில், 1960-களில். நடந்த இடத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். கட்டடம் கட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் கல்லூரி அது!

அந்த மாணவரின் பெயர் ரொனால்டு மேஸ். அன்று படி ஏற முடியாமல் நின்ற அவர்தான், பிற்காலத்தில் பல நாடுகளின் வாசற்படிகளை மாற்றினார். அவர் சொன்ன ஒரு சொல், இன்று இந்தியாவின் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது.

அது எப்படி நடந்தது?

ஒன்பது வயதில் வந்த நோய்

மேஸுக்கு வயது 9. மற்றப் பிள்ளைகளைப் போல ஓடி ஆடிக்கொண்டிருந்த சிறுவனை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால்கள் செயல் இழந்தன.

அந்தக் காலத்தில் அமெரிக்கத் தாய்மார்களை நடுங்க வைத்த நோய் அது. கோடைக்காலம் வந்தால் பிள்ளைகளைக் குளிக்கும் குளங்களுக்கு அனுப்பவே பயப்படுவார்கள். 1952-ம் ஆண்டில் மட்டும் அந்த நாட்டில் 57 ஆயிரம் பேருக்கு மேல் இந்த நோய் கண்டது.

நோயைத் தடுக்கும் மருந்து அப்போது இல்லை. டாக்டர் ஜோனாஸ் சால்க் கண்டுபிடித்த தடுப்பு ஊசி 1955-ம் ஆண்டில்தான் வந்தது. மேஸுக்கு அது காலம் கடந்த மருந்து.

கால்கள் போயின. ஆனால் கையும் மூளையும் இருந்தன. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் கலைஞர் ஆகவேண்டும் என்று அவர் விரும்பினார்.

எப்படிப்பட்ட கல்லூரி?

வட கரோலினா என்பது அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள ஒரு மாநிலம். அதன் தலைநகர் ராலி. அங்கே உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1948-ம் ஆண்டு ஒரு வடிவமைப்புக் கல்லூரி தொடங்கப்பட்டது.

வடிவமைப்பு என்றால் என்ன?

வீடு, கடை, பூங்கா, நாற்காலி, கரண்டி... எதைச் செய்வதானாலும், முதலில் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துக் காகிதத்தில் வரைகிறார். இது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், யார் பிடிப்பார், எப்படிப் பிடிப்பார் என்று முடிவு செய்கிறார். அந்த வேலைதான் வடிவமைப்பு. கொத்தனார் வருவதற்கு முன்பே வீடு பாதி கட்டி முடிந்துவிடுகிறது. காகிதத்தில் தவறு இருந்தால், கட்டடத்திலும் தவறு இருக்கும்.

கல்லூரியின் முதல் தலைவர் ஹென்றி காம்ப்ஹோப்னர். பரந்த நோக்கு உடையவர். நல்ல ஆசிரியர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அழைத்து வந்தார்.

போலந்து நாட்டைச் சேர்ந்த மேத்யூ நோவிட்ஸ்கி அப்படி வந்தவர். ராலி நகரில் அவர் வரைந்த பெரிய அரங்கம் ஒன்று இருக்கிறது. கூரை குதிரைச் சேணம்போல வளைந்திருக்கும். உள்ளே தூணே கிடையாது! கம்பி வடங்கள் கூரையைத் தாங்குகின்றன. ஆனால், அது கட்டி முடிந்ததை அவர் பார்க்கவில்லை. பஞ்சாபின் புதிய தலைநகரான சண்டிகருக்குத் திட்டம் போடும் வேலைக்காக இந்தியாவுக்கு வந்திருந்தார். ஊர் திரும்பும் வழியில், 1950-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி எகிப்து நாட்டில் விமானம் நொறுங்கி இறந்துபோனார். அரங்கம் 1952-ல் முடிந்தது.

அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த எடுவார்டோ கட்டலானோவும் அங்கே பாடம் நடத்தினார்.

இப்படிப் பல தேசத்து ஆசிரியர்கள் கூடிய கல்லூரி அது. புதுமைக்குப் பெயர் வாங்கிய கல்லூரி. அங்கேதான் மேஸ் சேர்ந்தார்.

கதவு திறந்தது... கழிவறை?

கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பெயர் பதிவேட்டில் ஏறியது.

ஆனால் கட்டடம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மாடி வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அவருடைய சக்கர நாற்காலி கழிவறைக் கதவுக்குள் நுழையவில்லை! நாற்காலி அகலம், கதவு குறுகல்.

இதைப் படிக்கும்போது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஒரு நாள் முழுவதும் அந்த நிலையில் இருந்து பார்த்தால்தான் தெரியும். கழிவறைக்குப் போக முடியாதவர் தண்ணீர் குடிக்கவும் யோசிப்பார். தூக்குகிறவர்களுக்கு நல்ல மனம் இருக்கலாம். ஆனால், தூக்கப்படுகிறவர் மனத்தில் என்ன ஓடும்? 'இன்று யார் வருவார்கள்? வராவிட்டால் என்ன செய்வது? எல்லோரும் பார்க்கிறார்களே!' பாடத்தை நினைக்க வேண்டிய நேரத்தில், படிக்கட்டை நினைக்க வேண்டியிருக்கும்.

மாணவன் நன்றாகப் படிக்க வேண்டும் என்றால், புத்தகம் மட்டும் போதாது. மனம் நிம்மதியாக இருக்க வேண்டும். யார் தயவும் இல்லாமல் உள்ளே வரவும் வெளியே போகவும் முடிய வேண்டும்.

மேஸ் விடவில்லை. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு படித்தார். 1966-ம் ஆண்டு கட்டடக்கலைப் பட்டம் பெற்றார்.

கதவைத் தட்டிய மற்றவர்கள்

அந்தப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டியவர் மேஸ் மட்டும் அல்ல. அவருக்கு முன்பும் பின்பும் வேறு சிலர் தட்டினார்கள். அவர்களைத் தடுத்தது படிக்கட்டு அல்ல, பழைய வழக்கங்கள்.

கட்டடம் கட்டுவது ஆண்கள் வேலை என்று எல்லோரும் நினைத்த காலம் அது. வடிவமைப்புக் கல்லூரியில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண் எலிசபெத் லீ. ஆண்டு 1952. ஒரு சிற்றூரில் தொழில் நடத்தினார். பிறகு 1979-ம் ஆண்டில் அந்த மாநிலக் கட்டடக் கலைஞர் சங்கத்துக்கே தலைவர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவர்தான்.

கறுப்பு இனத்தவரின் கதை இன்னும் கடினம். தென் மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு வேறு பள்ளிக்கூடம். உணவு விடுதியிலும் பேருந்திலும்கூடப் பாகுபாடு. ராலி பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்பில் முதல் 4 கறுப்பு மாணவர்கள் சேர்ந்தது 1956-ம் ஆண்டில். அவர்களில் இர்வின் ஹோம்ஸ் என்பவர் 1960-ல் பொறியியல் பட்டம் பெற்றார். அங்கே இளநிலைப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பு மாணவர் அவரே. 2018-ம் ஆண்டு ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்து பல்கலைக்கழகம் மரியாதை செய்தது.

அவர் பட்டம் வாங்கிய அதே 1960-ல், அதே மாநிலத்தில் உள்ள கிரீன்ஸ்பரோ நகரில் ஒரு சம்பவம். பிப்ரவரி 1-ந் தேதி, 4 கறுப்பு மாணவர்கள் உல்வொர்த் என்ற கடைக்குள் போனார்கள். வெள்ளையர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் உட்கார்ந்தார்கள். காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. அவர்கள் எழுந்திருக்கவும் இல்லை! அந்தப் போராட்டம் நாடு முழுவதும் பரவியது.

50 ஆண்டுகள் கழித்து, 2010-ம் ஆண்டு அதே பிப்ரவரி 1-ந் தேதி, அந்தக் கடை ஒரு காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டது. அதை மாற்றி அமைத்த கட்டட நிறுவனம் யாருடையது தெரியுமா? பில் பிரீலன் என்பவருடையது. அவரும் ஒரு கறுப்பர். அவர் படித்ததும் ராலி வடிவமைப்புக் கல்லூரியில்தான்!

பிரீலன் 1975-ல் அங்கே பட்டம் பெற்றார். பிறகு சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். சிறைச்சாலைக்கும் சூதாட்ட விடுதிக்கும் வரைபடம் போடுவதில்லை என்று உறுதியாக இருந்தார். நூலகம், பள்ளிக்கூடம், காட்சிக்கூடம்... இவைதான் அவர் கட்டியவை. வாஷிங்டன் நகரில் கறுப்பு அமெரிக்கர்களின் வரலாற்றைச் சொல்லும் தேசியக் காட்சிக்கூடம் இருக்கிறது. 2016-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி திறக்கப்பட்டது. டேவிட் அட்ஜாயே முதலிய கலைஞர்களோடு சேர்ந்து அதை உருவாக்கியவர் பிரீலன்.

அதே 2016-ல் அவருக்கு ஒரு கொடிய நோய் வந்தது. நரம்புகள் கெட்டு, கையும் காலும் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். 2019-ம் ஆண்டு ஜூலை மாதம் காலமானார்.

ஓடி ஆடி வேலை செய்தவருக்கும் ஒரு நாள் கால் தளரும். இதைத்தான் மேஸ் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"செய்தால் நல்லது" என்றால் யார் செய்வார்கள்?

பட்டம் பெற்ற மேஸ், 4 ஆண்டுகள் மற்றவர்களைப் போலவே சாதாரணக் கட்டட வேலை பார்த்தார். அதன் பிறகு தன் பாதையை மாற்றிக்கொண்டார். தனக்கு நேர்ந்தது இன்னொரு மாணவனுக்கு நேரக்கூடாது என்றால், சட்டத்தில் கைவைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1961-ம் ஆண்டிலேயே ஒரு விதிமுறை வெளியாகி இருந்தது. சக்கர நாற்காலிக்காரர் கட்டடத்துக்குள் வருவதற்கு வாசல், சாய்தளம் முதலியவை எப்படி இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மொத்தம் ஆறே பக்கம். இலினாய் பல்கலைக்கழகத்தில் டிமோத்தி நூஜென்ட் என்பவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பலன் அது.

நல்ல விதிதான். ஆனால் அதைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செய்தால் நல்லது, செய்யாவிட்டால் கேட்க ஆள் இல்லை. பணம் போட்டுக் கட்டுகிறவர், கட்டாயம் இல்லாத செலவை முதலில் வெட்டுவார். உலகம் முழுவதும் இதுதான் வழக்கம்.

வட கரோலினா மாநிலம் இதை மாற்றியது. கட்டட விதிகளிலேயே சேர்த்து, 1973-ம் ஆண்டு கட்டாயம் ஆக்கியது. அந்த விதிகளை உருவாக்கியதில் மேஸின் பங்கு பெரிது. மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துத் தங்கள் சட்டங்களை எழுதிக்கொண்டன.

விதி வந்துவிட்டது. கட்டுகிறவருக்குப் புரிய வேண்டுமே! சட்டத்தின் மொழி வக்கீலுக்குப் புரியும், மேஸ்திரிக்குப் புரியுமா? மேஸ் ஒரு காரியம் செய்தார். விதிகளைப் படம் போட்டு விளக்கி, 1974-ல் ஒரு கைப்புத்தகம் வெளியிட்டார். இதோ வாசல், இதோ நாற்காலி, இவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்தவுடன் தெரியும். கல்லூரியில் கற்ற வரைகலை அங்கே உதவியது.

மூன்று அளவுகள்

அந்த அளவுகள் கடினமான கணக்கு அல்ல. இன்று அமெரிக்கச் சட்டத்தில் இருக்கும் மூன்று அளவுகளைப் பாருங்கள்.

ஒன்று: கதவைத் திறந்தால், உள்ளே நுழையும் இடைவெளி 32 அங்குலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சக்கர நாற்காலி சிக்கிக்கொள்ளும். தள்ளுகிறவரின் விரல் நசுங்கும்.

இரண்டு: உள்ளே 5 அடி விட்டமுள்ள வட்டம் போடும் அளவுக்கு இடம் வேண்டும். அப்போதுதான் நாற்காலியைத் திருப்ப முடியும். இல்லாவிட்டால், உள்ளே போனவர் பின்பக்கமாகவே வெளியே வரவேண்டும்.

மூன்று: சாய்தளம் செங்குத்தாக இருக்கக்கூடாது. ஓர் அடி உயரம் ஏற, குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். மூன்றடி நீளத்தில் சிமெண்டைப் பூசிவிட்டு, 'சாய்தளம் போட்டாயிற்று' என்று சொன்னால், அதில் ஏறுகிறவர் பின்னால் கவிழ்ந்து விழுவார்.

32 அங்குலம், 5 அடி, ஒன்றுக்குப் பன்னிரண்டு. கட்டும்போதே இந்த அளவில் கட்டினால் அதிகச் செலவு இல்லை. கட்டி முடித்தபின் இடித்துக் கட்டினால்தான் செலவு.

பின்வாசல் மரியாதை

சட்டம் வந்த பிறகு, பல இடங்களில் சாய்தளம் போட்டார்கள். எங்கே? பின்பக்கம்! குப்பைத் தொட்டிக்கும் சமையல் அறைக்கும் பக்கத்தில்.

மற்றவர்கள் முன்வாசல் வழியாகப் போவார்கள். சக்கர நாற்காலிக்காரர் பின்வாசலில் மணி அடித்துக் காத்திருக்க வேண்டும். உள்ளே விட்டாயிற்று, மரியாதை?

இதை யோசித்துத்தான் மேஸ் ஒரு புதிய கருத்தைச் சொன்னார். 1985-ம் ஆண்டு ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அதற்குப் பெயரும் கொடுத்தார். 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்பது அதன் பொருள்.

மாற்றுத் திறனாளிக்கு என்று தனி வழி வேண்டாம். எல்லோரும் போகும் வழியையே, எல்லோராலும் போக முடிகிற வழியாகக் கட்டுங்கள். இவ்வளவுதான் அந்தக் கருத்து.

ஒருவருக்காகச் செய்தது ஊருக்கே உதவும் என்பதுதான் இதில் உள்ள விந்தை!

நடைபாதையின் ஓரத்தைச் சரித்து இறக்கினால், சக்கர நாற்காலி இறங்கும். குழந்தை வண்டி தள்ளும் தாயும் அதில்தான் இறங்குவாள். பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறவரும் அதில்தான் ஓடுவார்.

கதவில் உருண்டைக் குமிழுக்குப் பதிலாக நீளமான கைப்பிடி வைத்தால், விரல் மடங்காதவர் முழங்கையால் அழுத்தித் திறப்பார். இடுப்பில் குழந்தையும் கையில் காய்கறிப் பையுமாக வரும் அம்மாவும் அப்படியே திறப்பாள்.

சமையல் அறைக்குள் வந்த ஒரு கதையும் உண்டு. சாம் பார்பர் என்ற அமெரிக்க வியாபாரியின் மனைவிக்கு விரல்களில் மூட்டு வாதம். காய்கறித் தோல் சீவும் கருவியின் மெல்லிய இரும்புப் பிடியைப் பிடிக்க முடியாமல் சிரமப்பட்டார். கணவர் பார்த்தார். பிடியைத் தடிமனாக, ரப்பர் போன்ற மெத்தென்ற பொருளில் செய்தால் என்ன? வடிவமைப்பாளர்களிடம் சொல்லிச் செய்ய வைத்தார். 1990-ம் ஆண்டு கடைக்கு வந்தது. மூட்டு வாதக்காரர்கள் மட்டுமா வாங்கினார்கள்? கை நன்றாக இருந்தவர்களும் வாங்கினார்கள்! பிடிக்கச் சுகமாக இருந்ததே காரணம்.

படியில் தவழ்ந்த சிறுமி

1990-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி. வாஷிங்டனில் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தின் முன் பெருங்கூட்டம். மாற்றுத் திறனாளிகளுக்குச் சம உரிமை தரும் மசோதா நிறைவேறாமல் இழுத்துக்கொண்டே போனது.

சுமார் 60 பேர் ஒரு முடிவு செய்தார்கள். சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டார்கள். பாராளுமன்றத்தின் கல்படிகளில் கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து ஏறினார்கள்! அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். வயது 8.

நாடே பார்த்தது. படிக்கட்டு என்பது சிலருக்கு எப்படிப்பட்ட மதில் என்று கண்ணால் கண்டது.

அதே ஆண்டு ஜூலை 26-ந் தேதி, ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்துக்கும், அதற்கு முன் 1988-ல் வந்த வீட்டு வசதிச் சட்டத் திருத்தத்துக்கும் மேஸின் உழைப்பு துணை நின்றது. 1992-ல் ஜனாதிபதியின் சேவை விருது மேஸுக்குக் கிடைத்தது.

பழைய கல்லூரியில் புதிய ஆசனம்

இதற்கிடையே 1989-ம் ஆண்டு ஒரு முக்கியமான காரியம் நடந்தது. மேஸ் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார். எல்லோரும் வாழத்தக்க வீடுகளையும் பொருள்களையும் பற்றி ஆராயும் மையம்.

அதை எங்கே தொடங்கினார்? ராலி வடிவமைப்புக் கல்லூரியில்! தன்னைத் தூக்கிக்கொண்டு போன அதே கல்லூரியில்!

யாருக்குக் கட்டடம் இடம் கொடுக்கவில்லையோ, அவரே வந்து கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவரைச் சேர்த்துக்கொண்டதால் கல்லூரி பெற்ற லாபம் அது. எல்லோரும் நடப்பவர்களாக இருந்தால், படியைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எல்லோரும் வலது கைக்காரர்களாக இருந்தால், இடது கைக்குக் கத்தரிக்கோல் பொருந்தாது என்பது யாருக்கும் தெரியாது. பலவிதமான மனிதர்கள் வகுப்பில் இருந்தால்தான் பலவிதமான கேள்விகள் பிறக்கும்.

1997-ம் ஆண்டு மேஸும் மற்ற நிபுணர்களுமாக 10 பேர் கூடி, ஏழு விதிகளை எழுதினார்கள். வீட்டுப் பேச்சில் சொன்னால் அவை இப்படி இருக்கும்:

1. யாரையும் தனியே ஒதுக்காமல், எல்லோருக்கும் பயன்பட வேண்டும்.

2. வலது கைக்காரர், இடது கைக்காரர், மெதுவாகச் செய்கிறவர் என்று அவரவர் வசதிக்கு இடம் கொடுக்க வேண்டும்.

3. பார்த்த உடனே புரிய வேண்டும். எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் திகைத்து நிற்கக்கூடாது.

4. செய்தி கண்ணுக்கும் தெரிய வேண்டும், காதுக்கும் கேட்க வேண்டும். ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயர் எழுத்திலும் குரலிலும் வருவது இதற்கு உதாரணம்.

5. தவறுதலாகக் கைபட்டால் ஆபத்து வரக்கூடாது. லிப்ட் கதவு மூடும்போது குறுக்கே கை வந்தால், அது திரும்பத் திறக்கிறதே, அதுபோல.

6. அதிகப் பலம் தேவைப்படக்கூடாது.

7. நெருங்கவும் திரும்பவும் கை எட்டவும் போதிய இடம் இருக்க வேண்டும்.

உலகம் எங்கும் உள்ள வடிவமைப்புக் கல்லூரிகளில் இந்த ஏழும் பாடமாகச் சொல்லித்தரப்படுகின்றன.

கடைசிப் பேச்சு

1998-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி. நியூயார்க் அருகே ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச மாநாடு. பொருள்: அனைவருக்குமான வடிவமைப்பு. மேஸ் பேசினார்.

மூக்குக் கண்ணாடியை அவர் உதாரணம் காட்டினார். பார்வை குறைந்தவர் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். அது அவருக்கு உதவும் தனிக் கருவி. சக்கர நாற்காலியும் அப்படித்தான். ஆனால், கட்டடமும் பொருளும் எல்லோருக்கும் பொது. அவை முதலிலேயே எல்லோருக்கும் பொருந்தும்படி இருக்க வேண்டும். இதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

பேசி முடித்துப் பத்தே நாள். ஜூன் 29-ந் தேதி ரொனால்டு மேஸ் மறைந்தார்.

நம் சட்டத்தில் அவர் சொல்

மேஸ் மறைந்தார். அவர் சொல் மறையவில்லை.

2006-ம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை, மாற்றுத் திறனாளிகளின் உரிமை ஒப்பந்தத்தை ஏற்றது. 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்ற சொல் அதில் இடம்பெற்றது. 2007-ல் இந்தியா அந்த ஒப்பந்தத்தை உறுதி செய்தது. பிறகு நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் அதே சொல் விளக்கத்தோடு இருக்கிறது.

அந்தச் சட்டப்படி, அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களும், உடல் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாத மாணவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலும் 5 ஆண்டு சலுகை உண்டு. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இடம் கிடைத்தால் போதுமா? மேஸுக்கும் இடம் கிடைத்தது!

2024-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. கட்டடங்களில் மாற்றுத் திறனாளிகளுக்கான வசதிகள் வெறும் யோசனையாக இருந்தால் போதாது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 'செய்தால் நல்லது' என்பதை 'செய்தே தீரவேண்டும்' என்று வட கரோலினா மாற்றியது 1973-ல். அதே வாதம் டில்லியில் 51 ஆண்டு கழித்து வென்றது.

சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். வீட்டில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு.

தாத்தாவுக்கு முழங்கால் வலி வரும். அம்மா ஒரு நாள் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொள்வாள். கர்ப்பிணி மகள் பிரசவத்துக்கு வருவாள். இளமையும் பலமும் எந்த வீட்டிலும் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை.

புது வீடு கட்டுகிறவர்கள், மேஸ்திரி கதவு நிலை வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்கள், கட்டணத்தைக் கேட்கும்போதே சாய்தளம் எங்கே, கழிவறைக் கதவு எவ்வளவு அகலம் என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டிய இன்னொரு பிள்ளைக்குத் தேவைப்படும்.

வீட்டில் அளவு நாடா இருந்தால் எடுங்கள். உங்கள் வீட்டுக் கழிவறைக் கதவை அளந்து பாருங்கள்.

32 அங்குலம் இருக்கிறதா?